வங்கக் கடலில் "வாய்ப்பு அதிகம்" என்றால் பாம்பனில் என்ன பொருள்?

ஐப்பசி பிறந்துவிட்டால் மண்டபம் முதல் தங்கச்சிமடம் வரை வாட்சப் குழுக்களில் ஒரே மாதிரியான படங்கள் சுற்றத் தொடங்கும். வங்கக் கடலின் மேல் சிவப்பாக ஒரு சுழி, பத்து நாள் தள்ளி ஒரு தேதி, கீழே "ராமேஸ்வரத்தை நோக்கி வருகிறது" என்று ஒரு வரி. வானிலையைக் கணக்கிடும் ஏதோ ஒரு கணினி மாதிரியின் ஒரே ஒரு ஓட்டத்திலிருந்து எடுத்த படமாக இருக்கும். அடுத்த ஓட்டம் ஆறு மணி நேரத்திலோ பன்னிரண்டு மணி நேரத்திலோ வந்து அந்தச் சுழியை ஆந்திராவுக்கோ இலங்கைக்குத் தெற்கேயோ தள்ளியிருக்கும். படம் மட்டும் குழுக்களில் இரண்டு நாள் உயிரோடு இருக்கும்.

நம் இராமநாதபுரம் கரைக்கு அதைவிடப் பயனுள்ள ஒன்று நாள்தோறும் இலவசமாக வருகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டெல்லி புயல் மையம் வெளியிடும் வெப்பமண்டல வானிலைக் கண்ணோட்ட அறிக்கை அது. காலை 8.30 மணி அவதானிப்புகளை வைத்துத் தயாரித்து 11.30 மணிக்குரியதாக வெளியிடுகிறார்கள். அதில் ஒரு சிறு அட்டவணை இருக்கும். வங்கக் கடலுக்கு ஒரு வரிசை, அரபிக் கடலுக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் 24 மணி நேரத்துக்கு ஒன்றாக ஏழு கட்டங்கள், மொத்தம் 168 மணி நேரம். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு சொற்களில் ஒன்று: இல்லை, குறைவு, மிதம், அதிகம். "இல்லை" என்றால் 0 சதவீதம். குறைவு 1 முதல் 33 வரை, மிதம் 34 முதல் 67 வரை, அதிகம் 68 முதல் 100 வரை.

இந்த அட்டவணையைப் பலர் மூன்று இடங்களில் தவறாக வாசிக்கிறார்கள். முதலாவது, அது புயல் உருவாகும் வாய்ப்பைச் சொல்வதாக நினைப்பது. அது சொல்வது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகும் வாய்ப்பை. சுழலும் காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை இருந்தால் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர். ஆகவே "அதிகம்" என்று போட்டிருந்தாலும் அது புயலாகுமா என்பது தனிக் கேள்வி. அதற்கான விடை அட்டவணையில் இல்லை, அறிக்கையில் அதற்கு மேலே உள்ள பத்திகளில் இருக்கும்.

இரண்டாவது, கட்டங்களைக் கூட்டிக்கொண்டே போவது. 48–72 மணி என்ற கட்டத்தில் "மிதம்" என்றால் அந்த ஒரு நாள் இடைவெளிக்குள் உருவாக மிதமான வாய்ப்பு என்று பொருள். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் "மிதம்" என்று இருந்தால், உருவாகும் என்று ஓரளவு நம்புகிறார்கள், நாளில்தான் உறுதி வரவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். அந்த வரிசை வங்கக் கடல் முழுமைக்கும் ஒன்றுதான். ஒடிசாவுக்கு எதிரே உருவானாலும் சரி, அந்தமானில் உருவானாலும் சரி, திரிகோணமலையை ஒட்டி உருவானாலும் சரி, அதே கட்டத்தில் அதே "அதிகம்" வரும். எங்கே என்பதை அறிக்கையின் வாசகத்திலிருந்து எடுத்தாக வேண்டும். இடம் தெரியாத சதவீதத்தை வைத்துக்கொண்டு பாம்பனில் எந்த முடிவும் எடுக்க முடியாது.

சரி, அந்தச் சதவீதத்துக்கு எப்படி வந்து சேர்கிறார்கள்?

கடல் சூடுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கடல் மேற்பரப்பு வெப்பநிலை 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் தென்மேற்கு வங்கக் கடலும் மன்னார் வளைகுடாவும் பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் இருக்கும். எப்போதும் நிறைவேறியிருக்கும் நிபந்தனை இன்றைக்கும் நாளைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லாது. மேற்பரப்பைவிட ஆழம் முக்கியம். சூடான நீர் எத்தனை மீட்டர் கீழே வரை இருக்கிறது என்பதைக் கடல் வெப்பக் கொள்ளளவு என்று கணக்கிடுகிறார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோஜூலுக்கு மேல் இருந்தால் சாதகம். பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் பெரும்பாலும் 15 மீட்டருக்குள் ஆழம் கொண்டது. அதில் சேமித்து வைக்க ஒன்றும் பெரிதாக இல்லை, போதாக்குறைக்கு இரண்டு பக்கமும் நிலம். நமக்கு வரும் சுழல்கள் வேறு இடத்தில் உருவாகி வந்து சேர்பவை. பார்க்க வேண்டிய இடம் இலங்கைக்குக் கிழக்கும் தென்கிழக்கும்.

உண்மையில் தினந்தோறும் மாறிக்கொண்டே இருந்து முடிவைத் தீர்மானிப்பவை மூன்று: தாழ்வான உயரத்தில் காற்று எவ்வளவு சுழல்கிறது, நடு உயரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, கீழே அடிக்கும் காற்றுக்கும் மேலே அடிக்கும் காற்றுக்கும் எவ்வளவு வேறுபாடு. இந்தக் கடைசியைத்தான் விண்ட் ஷியர் என்கிறார்கள். கீழே கிழக்கிலிருந்தும் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்தும் காற்று அடித்தால், எழும் இடிமேகத்தின் தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். மேகம் மையத்தின் மேல் நிற்காமல் தள்ளிப் போனால் அழுத்தம் குறையாது.

இவற்றை ஒரே எண்ணாகக் கோக்கும் கணக்கு ஒன்றை இந்திய வானிலை ஆய்வுத் துறை பயன்படுத்துகிறது. புயல் உருவாக்கத் திறன் அளவு என்று சொல்லலாம். ஆங்கிலச் சுருக்கத்தில் ஜிபிபி. சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் உள்ள சுழற்சியை ஈரக் காரணியாலும், ஒன்றரை கி.மீ. உயரத்துக்கும் ஐந்தரை கி.மீ.க்குச் சற்று மேலான உயரத்துக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டாலும் பெருக்கி, ஷியரால் வகுப்பார்கள். ஈரக் காரணி என்பது நடு உயர ஈரப்பதச் சதவீதத்திலிருந்து 40-ஐக் கழித்து 30-ஆல் வகுத்தால் வருவது.

எண்களைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். சுழற்சி 5 அலகு, ஈரப்பதம் 70 சதவீதம், வெப்பநிலை வேறுபாடு 24 டிகிரி, ஷியர் நொடிக்கு 10 மீட்டர் என்று வைப்போம். ஈரக் காரணி 1. விடை 5 × 1 × 24 ÷ 10, அதாவது 12. தொடக்க நிலையில் உள்ள ஒரு சுழலுக்கு 8-க்கு மேல் வந்தால் வளரும் என்று கொள்கிறார்கள், ஆகவே இது வளரும் ரகம். இப்போது ஷியரை மட்டும் 20 ஆக்குங்கள், விடை 6. அல்லது ஷியரை விட்டுவிட்டு ஈரப்பதத்தை 55 ஆகக் குறையுங்கள், அப்போதும் 6. ஈரப்பதம் 40-க்கு இறங்கிவிட்டால் விடை பூஜ்யம், கடல் எவ்வளவு சூடாக இருந்தாலும் சரி. மார்கழியில் வடமேற்கிலிருந்து இறங்கும் வறண்ட காற்று, பார்க்க வலுவாகத் தெரியும் சுழலை இரண்டே நாளில் வெறும் மேகக் கூட்டமாக்குவது இந்த வழியில்தான்.

அடுத்தது என்செம்பிள். ஒரே மாதிரியைத் தொடக்க நிலையில் சின்னச் சின்ன மாற்றங்களோடு பலமுறை ஓட்டுவது. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் என்செம்பிளில் 51 ஓட்டங்கள். அதில் 15 ஓட்டங்கள் தாழ்வு மண்டலத்தைக் காட்டினால் கிட்டத்தட்ட 29 சதவீதம். அதை அப்படியே அறிக்கையில் ஏற்றிவிட முடியாது. 51 ஓட்டமும் ஒரே மாதிரியின் பிள்ளைகள். மாதிரிக்கு ஒரு குறை இருந்தால் அது எல்லா ஓட்டத்திலும் இருக்கும். சில மாதிரிகள் ஒன்றுமில்லாத இடத்தில் சுழலை வளர்த்துக் காட்டும் பழக்கம் உள்ளவை, சில தயங்குபவை. ஆகவே பல நாட்டு மாதிரிகளை அருகருகே வைத்து, ஜிபிபி வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் பார்த்து, முன்னறிவிப்பாளர் ஒரு வகைக்குள் கொண்டுவருகிறார். எண்ணாகச் சொல்லாமல் "மிதம்" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

சதவீதத்தை நம்புவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 30 சதவீதம் என்று சொல்லி உருவாகிவிட்டால் "தப்பாகச் சொன்னார்கள்" என்று கொதிக்கிறோம். பத்து முறை 30 சதவீதம் என்று சொன்னால் ஏறக்குறைய மூன்று முறை உருவாகத்தான் வேண்டும். பலமுறை சொல்லியும் ஒருமுறைகூட உருவாகாவிட்டால்தான் கணிப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு வாரம் முன்கூட்டிப் பார்க்க வேண்டுமானால் வியாழக்கிழமைதோறும் வரும் நீண்டகாலக் கண்ணோட்டம் இருக்கிறது. அதன் முதுகெலும்பு எம்ஜேஓ என்ற மேக அலைவு. நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி நகரும் இந்த அலைவை எட்டுக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 3, 4-ஆம் கட்டங்களில், வீச்சு, அதாவது அலைவின் வலிமை, 1-க்கு மேல் இருந்தால், வங்கக் கடல் சுறுசுறுப்பாகும். அது ஒரு வாரத்தின் சூழலைச் சொல்லும், நாளைச் சொல்லாது. அதைத் தாண்டி அதிலிருந்து எதையும் பிழியக் கூடாது.

இனி இராமநாதபுரம் கரைக்கு வருவோம். இங்கே வாய்ப்பைவிடத் தொலைவுதான் பெரிய செய்தி.

ராமேஸ்வரம் கிட்டத்தட்ட 79.3 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. நம் அட்சரேகையில் ஒரு டிகிரி தீர்க்கரேகை ஏறக்குறைய 110 கி.மீ. தெற்கு அந்தமானில் 93 டிகிரியில் ஒன்று உருவானால் தொலைவு சுமார் 1,500 கி.மீ. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வந்தால் நான்கு நாளுக்கு மேல். 1964 தனுஷ்கோடிப் புயல் அந்த ரகம். டிசம்பர் மத்தியில் தெற்கு அந்தமான் பக்கம் உருவாகி, இலங்கையைக் கடந்து, 22-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியில் ஏறியது. அன்றைக்கு வங்கக் கடலை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள் இல்லை. இன்றைக்கு அப்படி ஒன்று வந்தால் நமக்கு அவகாசம் நிறையவே இருக்கும்.

ஆபத்து பக்கத்தில் பிறப்பது. 83 டிகிரியில், அதாவது இலங்கையின் கிழக்குக் கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் உருவானால், அதே வேகத்தில் 27 மணி நேரம்தான். முறைப்படி 72 மணி நேரத்துக்கு முன் புயல் முன்கண்காணிப்பு, 48 மணிக்கு முன் மஞ்சள், 24 மணிக்கு முன் ஆரஞ்சு என்று படிப்படியாக வர வேண்டிய எச்சரிக்கைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். 2017 ஒக்கி இதைக் கொடூரமாகக் காட்டியது. நவம்பர் 29 காலையில் இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலம். மறுநாள் 30 காலையில் குமரிக் கடலில் புயல். ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவே வழியில்லை. கைப்பேசிச் சிக்னல் கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான் எட்டும். படகிலுள்ள விஎச்எஃப் ரேடியோ கருவியும் கண்ணுக்கெட்டும் தொலைவை ஒட்டித்தான் பேசும்.

அதனால் 85 டிகிரியை ஒரு கோடாக மனதில் போட்டுக்கொள்ளச் சொல்வேன். அதற்குக் கிழக்கே உருவாகும் என்றால் அட்டவணையை அப்படியே வாசிக்கலாம். "அதிகம்" வரும்வரை அன்றாடத் தொழிலைப் பார்க்கலாம். அதற்கு மேற்கே, இலங்கையை ஒட்டி உருவாகும் என்றால் "மிதம்" என்பதையே "அதிகம்" என்று எடுத்துக்கொண்டு, தங்கல் தொழிலுக்குப் புறப்படுவதை அந்தக் கட்டத்திலேயே நிறுத்த வேண்டும். கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதி டோக்கனை நிறுத்துவது அறிவிப்புக்குப் பிறகுதான் நடக்கும். ஏற்கெனவே கடலில் இருக்கும் படகுக்கு டோக்கன் நிறுத்தம் உதவாது.

படகை இடம் மாற்றுவதும் இதே கணக்குதான். நம் பக்கம் சுழல் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் இடது கைப்பக்கம் இருக்கும். மையம் நமக்குக் கிழக்கே இருந்தால் வாடை, அதாவது வடக்குக் காற்று. வடகடல் பக்கம் கட்டிய படகு கரையில் மோதும், ஆழமில்லாத கடலாதலால் தண்ணீரும் கரைமேல் ஏறும். மையம் மன்னார் வளைகுடாவுக்குள் நகர்ந்து நமக்குத் தெற்கே வந்தால் கொண்டல், அதாவது கிழக்குக் காற்று. நம்மைத் தாண்டி மேற்கே போய்விட்டால் காற்று தெற்குக்குத் திரும்பும். அதுவரை பத்திரமாக இருந்த தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம் அப்போது அடிபடும். ஆகவே எந்தப் பக்கம் கட்டுவது என்பதற்கு வாய்ப்புச் சதவீதம் போதாது, பாதை வேண்டும். வடகடலிலிருந்து தென்கடல் கரையிலுள்ள குந்துகால் பக்கம் போகப் பாம்பன் தூக்குப்பாலம் திறக்க வேண்டும். காற்று வலுத்துவிட்டால் பாலத்தைத் தூக்க மாட்டார்கள். முடிவை "மிதம்" நிலையில் எடுத்தால்தான் பாலம் கிடைக்கும்.

உருவான பிறகும் கணிப்பு பிசகும். 2024 ஃபெஞ்சல் நல்ல பாடம். நவம்பர் 25 தாழ்வு மண்டலம், 26 ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 27 புயலாகும் என்று எதிர்பார்ப்பு. ஆகவில்லை. இலங்கைக் கரையை ஒட்டி மெதுவாக ஊர்ந்தது, ஷியர் மேகத்தை மையத்திலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. புயலாகாமலே கரை கடக்கும் என்றுகூட 28-ஆம் தேதி சொன்னார்கள். 29 பிற்பகல் புயலானது, 30 இரவு புதுச்சேரி அருகே கடந்தது. தாழ்வு மண்டலம் உருவாகும் என்ற கணிப்பு சரியாகவே பலித்தது. அடுத்த படி ஏறும் நாள்தான் பிசகியது. 2020 புரெவி வேறு விதம். இலங்கையைக் கடந்து டிசம்பர் 3 அன்று மன்னார் வளைகுடாவுக்கு வந்து, பாம்பனை ஒட்டி வலுவிழந்து, மறுநாள் முழுக்க நம் கரைக்கு அருகிலேயே நகராமல் நின்றது. சுற்றிலும் இருந்த காற்றோட்டங்கள் எந்தப் பக்கமும் இழுக்காதபோது இப்படி நடக்கும். இங்கே நின்ற மையத்தின் மழையை அனுபவித்தது பெரிதும் டெல்டா மாவட்டங்கள்.

இன்னொரு குழப்பம் அமெரிக்கப் புயல் எச்சரிக்கை மையத்தின் படங்கள். "90பி" என்று எண் போட்டிருந்தால் வங்கக் கடலில் ஒரு மேகக் கூட்டத்தைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது மட்டுமே. 90 முதல் 99 வரை எண்கள் சுற்றிச் சுற்றி வரும். அவர்கள் ஒரு நிமிடச் சராசரிக் காற்றைக் கணக்கிடுவார்கள், இந்தியத் துறை மூன்று நிமிடச் சராசரி. ஒரே சுழலுக்கு அவர்கள் எண் சற்றுக் கூடுதலாக வரும். ஐரோப்பிய மையத்தின் புயல் வாய்ப்பு வரைபடமும் அப்படித்தான்: ஒரு 48 மணி நேர இடைவெளிக்குள் 300 கி.மீ. தொலைவுக்குள் புயல் கடக்கும் வாய்ப்பை அது காட்டுகிறது. பாம்பனை மையமாக வைத்து 300 கி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டால் கன்னியாகுமரியும் கொழும்பும் உள்ளே வந்து புதுச்சேரி விளிம்பில் நிற்கும். பாம்பன்மேல் 60 சதவீதம் என்று நிறம் காட்டினால் பாம்பனை 60 சதவீதம் தாக்கும் என்று பொருளல்ல.

வீட்டிலோ படகிலோ அழுத்தமானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பக்கம் அழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நாலு மணி வாக்கில் தாழ்வு, இடையே 3 மில்லிபார் வரை வித்தியாசம் சாதாரணம். காலையில் பார்த்து மாலையில் பார்த்து "இறங்குகிறது" என்று சொல்வதில் பொருளில்லை. இன்று மாலை நாலு மணி அளவை நேற்று மாலை நாலு மணி அளவோடு ஒப்பிடுங்கள். 24 மணி நேரத்தில் 3 மில்லிபாருக்கு மேல் இறங்கியிருந்தால், அட்டவணை என்ன சொன்னாலும், அறிக்கையை முழுக்க வாசிக்க வேண்டிய நேரம் அது.

துறைமுகக் கூண்டு எண்ணும் இதே வரிசையில் வருவதுதான். பாம்பனில் 1-ஆம் எண் ஏற்றினால் தொலைவில் கடலில் புயல் உருவாகும் சூழல் இருக்கிறது என்று பொருள். துறைமுகத்துக்கு உடனடி ஆபத்தில்லை. 2-ம் தொலைவுக்கானதே. 3-லிருந்துதான் உள்ளூர் எச்சரிக்கை. 1 ஏற்றி மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்காக அடுத்த முறை 3-ஐ அலட்சியம் செய்பவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. இரண்டும் வேறு வேறு செய்தி.

கடைசியாக "இல்லை" என்ற கட்டத்தைப் பற்றி. அது தாழ்வு மண்டலம் உருவாகாது என்று சொல்கிறது. மழை வராது என்று சொல்லவில்லை. 2024 நவம்பர் 20 அன்று எந்தப் புயலும் இல்லாமல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கடலிலிருந்து வந்த ஈரக்காற்று ஒரு சிறிய இடத்தில் குவிந்து, மேகம் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் எழுந்தால் இது நடக்கும். மாவட்ட அளவிலான கணிப்பில் இவ்வளவு சிறிய வட்டம் முன்கூட்டிப் பிடிபடுவது கடினம். காரைக்கால் ரேடார் நமக்குச் சுமார் 195 கி.மீ. தள்ளி இருக்கிறது. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் அதன் கதிர், பூமியின் வளைவால், பாம்பன்மேல் வந்து சேரும்போது ஏறக்குறைய 4 கி.மீ. உயரத்தில் போகும். அதற்குக் கீழே கனத்துக் கொட்டும் மழையின் பெரும்பகுதி அதன் படத்தில் மெலிதாகத்தான் தெரியும். ஆகவே கார்த்திகையில் காரைக்கால் படத்தில் தீவின்மேல் மஞ்சள் நிறம் ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் நகராமல் நின்றால், அதைக் கனமழையைக் காட்டும் சிவப்பு என்றே எடுத்துக்கொண்டு, தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் பொருள்களை மேலே ஏற்றத் தொடங்கலாம்.